வட்டத்துக்குள் இருப்பது அவள் இல்லை

போன வாரம் நம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய புகைப்படம் வந்தது. முட்டிவலித் தைலமும் காலை வணக்கப் பூக்களும் தவிர வேறெதுவும் வராத குழு அது. படத்தைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இது யார், அது யார் என்று இரண்டு நாள் ஒரே அமர்க்களம். முன்வரிசையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு உங்களில் ஒருவர் எழுதினார்: 'சாயக்காரர் மகள். கையைப் பாருங்கள், மணிக்கட்டு வரை சாயம். பாவம், அந்த வருஷமே போய்விட்டாள்.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

வட்டத்துக்குள் இருப்பது நான். இன்னும் சாகவில்லை. சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன, ஆள் இருக்கிறேன். நீங்கள் தேடியவள் எனக்கு இடப்பக்கம் இருக்கிறாள். இரட்டைச் சடை, கொஞ்சம் வீங்கின கண், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். ஒரு வரியில் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்தேன். என் கைக்குச் சாயம் எப்படி வந்தது என்று சொல்லாமல் அந்தத் திருத்தம் முழுசாகாது.

கடைசிவரை மூடி வைத்துச் சொல்கிற கதை இல்லை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் விரல்களில் இருந்த நீலம் சாயம் இல்லை. நெஞ்சுக்குள் இருந்த கோளாறு அது. எங்கள் ஆரணியில் இல்லாமல் வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் யாராவது ஒருத்தர் பார்த்துப் பதறியிருப்பார்கள்.

எங்கள் தெரு உங்களுக்கு மறந்திருக்காது. சாக்கடையைப் பார்த்தே அந்த வார வேலையைச் சொல்லிவிடலாம். மஞ்சளாக ஓடினால் இன்ன வீட்டுக்குக் கூரைப்புடவை ஆர்டர், அரக்காக ஓடினால் கடைக்காரர் சரக்கு கேட்டிருக்கிறார். கோழிகள்கூட எங்கள் தெருவில் பச்சைக் காலோடு திரியும். ஆளைப் பார்த்தால் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார்கள், கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். உள்ளங்கை வழவழவென்று காய்ப்பு ஏறியிருந்தால் தறிக்காரர். தலையில் தவிடு இருந்தால் அரிசி மில்லுக்குப் போகிறவர். கை ஒரு நிறமும் மூஞ்சி ஒரு நிறமுமாக இருந்தால் சாயப் பட்டறை. யாரும் யாரையும் 'கையில் என்ன' என்று கேட்டதில்லை, கேட்க வேண்டியிருந்ததும் இல்லை.

அவளுடைய அப்பாதான் எங்கள் பக்கத்துக்குச் சாயக்காரர். வீட்டுப் பின்கட்டில் மூன்று செப்புத் தொட்டிகள், கீழே எந்நேரமும் புகைகிற விறகு. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது ஒரு வாடை வரும், வெந்த முட்டையும் ஈரத்துணியும் கலந்த மாதிரி. அந்த வாடை இப்போது எங்கும் இல்லை, அதற்காக நான் ஏங்கவும் இல்லை. நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவர் காலை வெயிலில் மட்டும்தான் வாசலுக்கு வருவார். மாதிரி நூலை ஒரு கையிலும் புதிதாகத் தோய்த்த நூலை மறு கையிலும் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். அவர் 'ம்' என்று சொல்லிவிட்டால் கடைக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். அவர் போட்ட சாயம் பத்து வெளுப்பு கண்டாலும் போகாது என்று களம்பூர் வரை பேர்.

எங்கள் வீடு அங்கிருந்து மூன்றாவது. எங்கள் நைனாவுக்குத் தறி. நான் தார் சுற்றுவேன், அதாவது ஊடு நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தருவேன். அவள் என்னோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். ஓடிப்பிடித்து விளையாட வரமாட்டாள். வந்தாலும் நாலு எட்டு ஓடிவிட்டு, நடுத்தெருவில் குந்திக்கொள்வாள். முட்டியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் சரியாகிவிடும் என்பாள். நாம் அவளைச் சோம்பேறி என்று சொன்னோம். 'குந்தாணி' என்று பட்டப்பெயர் வைத்தவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

அவள் விரல் நுனிகள் உருண்டையாக, மொட்டு மாதிரி இருக்கும். எங்கள் அம்மாவுக்கு அந்த விரல் மேல் ஒரு கண். "இந்த மாதிரி வெரலு இருந்தா பட்டுல நகமே மாட்டாது. வர்ற மாமியாரு குடுத்து வச்சவ" என்பார். அந்த உருண்டையும் அதே வியாதியின் அடையாளம்தான் என்று என் ஐம்பதாவது வயதில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு யாருக்காகவோ டோக்கன் எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது எனக்குக் காது கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் தொடங்கிய மழை விடவே இல்லை. தை மாதக் கல்யாணங்களுக்காக ஒரு கடைக்காரர் மயில் கழுத்து நிறத்தில் நிறையப் புடவைகள் கேட்டிருந்தார். மூன்று தொட்டியிலும் நீலம். தெருச் சாக்கடை முழுக்க நீலம். அந்தக் குளிரில்தான் அவள் நகங்கள் நன்றாகக் கருநீலம் ஆயின. அவள் அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தார்.

"எத்தினி தபா சொல்றது, தொட்டியில கைய வுடாதன்னு?"

"நான் வுடலம்மா."

"வுடாமத்தான் இப்புடி கீதா? பொய்யி வேற!"

நம் டீச்சரை நினைவிருக்கும். திங்கள்கிழமை காலையில் எல்லோரும் கையை நீட்டி நிற்க வேண்டும். ஸ்கேலால் நகத்தைத் தட்டிக்கொண்டே வருவார். அவள் முன்னால் வந்ததும் மூக்கைச் சுளித்தார். குழாயடிக்கு அனுப்பி, புளியும் செங்கல் பொடியும் கொடுத்துத் தேய்த்துவிட்டு வரச் சொன்னார். தேய்த்துத் தேய்த்து விரல் ஓரம் ரத்தம் வந்தது, நீலம் போகவில்லை. டீச்சர் அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அவரும் முழங்கை வரை நீலமாக வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"புள்ளைய சுத்தமா அனுப்பக் கூடாதா?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் சிரித்தார். கொஞ்சம் பெருமையாகவே சிரித்தார். "புளி இல்ல டீச்சர், நீங்க இன்னா போட்டுத் தேச்சாலும் போவாதுங்க. நம்ம சாயம் அப்புடி."

நாமெல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்துவிட்டார். அவள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கையைப் பின்னால் வைத்துக்கொள்ளும் பழக்கம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கார்த்திகை பிறந்ததும் நீல நூல் முடிந்து, அரக்குக்கு மாற்றினார்கள். சாக்கடை சிவந்தது, கோழிகள் சிவந்தன, அவள் அப்பாவின் கையும் பத்துப் பன்னிரண்டு நாளில் சிவப்பாகிவிட்டது. மிச்ச நீலச் சாயத்தை மட்டும் ஒரு மண்தொட்டியில் ஊற்றி, கோணி போட்டுக் கொல்லையில் மூடி வைத்திருந்தார்கள். நான் தார் சுற்றிக்கொண்டே அவள் கையைப் பார்த்தேன். நீலமாகவே இருந்தது.

"ஏன்டி, இப்போ அரக்குதானே ஓடுது? உன் கை மட்டும் ஏன்டி நீலமா கீது?"

அவள் கையை மடித்து வைத்துக்கொண்டாள். "தெரியல. நாக்குகூட அப்புடித்தான் கீது" என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. அது நாவற்பழக் காலம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்து வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறத்தையே தொழிலாக வைத்திருந்த அத்தனை பெரியவர்களுக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

"அம்மாகிட்ட சொல்றேன்" என்று எழுந்தேன்.

அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதடி. ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சா தீபத்துக்கு இட்டுகினு போவமாட்டாங்கடி. போன வருசமும் தம்பிக்கு அம்மை போட்டுச்சுன்னு போவல. நான் மலையே பாத்ததில்ல. பாத்துட்டு வந்துட்டு நானே சொல்லிடறேன்."

வருஷா வருஷம் திருவண்ணாமலை தீபத்துக்கு எங்கள் தெருவே ஒரு லாரியில் போகும். அந்த லாரி களம்பூரிலிருந்து வரும். அவளுடைய பெரிய அத்தையை அங்கே ஓர் அரிசி மில்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். மூட்டை ஏற்றுகிற லாரியைக் கழுவி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து அனுப்புவார்கள். கலசப்பாக்கம் தாண்டினால் மலை தெரியும், எல்லோரும் 'அரோகரா' என்பார்கள் என்று போன வருஷம் போய்வந்த நான்தான் அவளிடம் ஒரு மாதமாக அளந்துகொண்டிருந்தேன். அவளுக்கு அந்த ஆசையை மூட்டியதும் நான்தான். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அடுத்த திங்கள்கிழமை டீச்சர் மறுபடி அவளைக் குழாயடிக்கு அனுப்பினார். இந்தத் தடவை கூட ஒரு பெரிய பெண்ணையும் அனுப்பித் தேய்க்கச் சொன்னார். திரும்பி வந்தவள் மதியம் வரை சுவரோரம் குந்தியே இருந்தாள். புதன்கிழமை புகைப்படம் எடுக்க ஆள் வருகிறார் என்று சொல்லி, "அன்னிக்கும் இப்புடி கையோட வந்தீன்னா படத்துல நிக்க வெக்கமாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும் என்று அதற்குள் பழகியிருந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. டீச்சரை என்ன செய்துவிட முடியும்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் கொல்லைக்குப் போனேன். கோணியைத் தூக்கினேன். மண்தொட்டியில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை விட்டு, நூறு எண்ணினேன். சாயம் ஜில்லென்று இருந்தது. அவள் கொல்லை வாசற்படியில் குந்திக்கொண்டு, "ஐயோ வாணாம்டி, வாணாம்டி" என்றாள். ஆனால் சிரித்தாள். அவள் அந்த மழைக்காலத்தில் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நூறு எண்ணி முடித்ததும் நான் இன்னொரு ஐம்பது எண்ணினேன்.

புதன்கிழமை டீச்சர் என் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணு இருந்துச்சி, இப்போ ரெண்டாச்சா? போயி ஒக்காருங்க, ரெண்டும்." முதுகில் ஆளுக்கு ஓர் அடி. அவ்வளவுதான், படத்தில் உட்கார இடம் கிடைத்துவிட்டது. நான் வேண்டுமென்றே கையை மடியில் விரித்து வைத்தேன். அதைத்தான் நீங்கள் வட்டம் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு பெருமை அன்றைக்கு.

இங்கே நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுவேன்.

வெள்ளிக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. களம்பூர் அத்தை பஸ்ஸில் வந்து இறங்கினார், லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போக. பெரிய உடம்பு, வெள்ளைக் கல் மூக்குத்தி, மடி நிறைய அவல். அவர் ஊரில் தவிடும் உமியும்தான் பறக்கும். அங்கே சாயத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. தம்பி மகள் கையில் அவலைக் கொட்டப் போனவர் அப்படியே நிறுத்தினார். கையைத் திருப்பினார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, புள்ளைக்கு நகமெல்லாம் இப்புடி கீது?"

"அது ஒண்ணுமில்லீங்க அண்ணி, சாயம்" என்றார் அவள் அம்மா அடுப்படியிலிருந்து.

"சாயமாட்டம் தெரியலயேம்மா. ஒதடும் கறுத்துகினு கீதே. எங்க மில்லாண்ட ஒரு கொழந்த இப்புடித்தான் இருந்துச்சி. வேலூருக்குத் தூக்கிகினு போயிக் காட்டினாங்க. இத்த உடனே காட்டணும்."

அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ஒரு கலக்கம் ஓடியது, நான் பார்த்தேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த வீட்டில் எல்லாமே சரியாகியிருக்கக் கூடும். அப்போதுதான் அவர் கண் என் மேல் விழுந்தது. அவல் கிடைக்குமென்று நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"இங்க வாடி" என்று இழுத்து, என் இரண்டு கையையும் அத்தைக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். "பாருங்க அண்ணி, இதுங்க பண்ற பேஜாரு. ரெண்டும் ஜோடி போட்டுகினு தொட்டியில கைய வுட்டுகினு கீதுங்க. டீச்சரே அடிச்சி அனுப்பிச்சாங்க. கேளுங்க இவள."

அத்தை என்னைப் பார்த்தார். "நெசமாவாடி கண்ணு? அவளும் வுட்டாளா?"

அவள் சுவரோரம் நின்று என்னையே பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, லாரி அந்த அத்தையுடையது.

"ஆமா அத்த. ரெண்டு பேருந்தான் வுட்டோம்" என்றேன்.

அத்தை என் கையையும் அவள் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேகம் மூடி, வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை. பெருமூச்சு விட்டு, அவலை எங்கள் இருவர் கையிலும் பிரித்துப் போட்டார். "எதுக்கும் தை வேலை முடிஞ்சதும் ஒரு தபா வேலூர்ல காட்டிடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனார். அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். அந்த அவலில் வெல்லம் போதவில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தீபத்துக்கு நான்கு நாள் இருந்தது. விடிந்து, பால்காரர் போன நேரம். குளிருக்குத் தொட்டி அடுப்போரம் போய்க் குந்தினாளாம். வழக்கமாக அப்படிக் குந்துகிறவள்தானே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காப்பித் தண்ணி கொடுக்கப் போன அம்மாதான் தொட்டுப் பார்த்து அலறினார். ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள், எங்கள் நைனாவும் கூட ஓடினார். டாக்டர் பார்த்துவிட்டுப் பிறவியிலேயே நெஞ்சில் கோளாறு இருந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டாராம், "நகம் இவ்வளோ நீலமா இருக்கே, வீட்டுல யாருமே பார்க்கலியா?" எங்கள் நைனாதான் வந்து சொன்னார். அதைச் சொன்ன அன்று அவர் தறியில் உட்காரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வெயில் வந்திருந்தது. அத்தனை நாள் மழைக்குப் பிறகு சுள்ளென்று ஒரு காலை வெயில். அவள் அப்பா வாசலில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து வெயிலில் பிடித்தார். இன்னொரு கையில் மாதிரி நூல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தெருவே நின்றது.

"இது நம்ம நீலம் இல்ல" என்றார். "இது நம்ம நீலமே இல்ல."

அதற்குப் பிறகு அவர் நீலம் போட்டதில்லை. எத்தனையோ கடைக்காரர்கள் கேட்டும் நீலத்துக்கு வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார். சாவுக்கு வந்த களம்பூர் அத்தை நேராக என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று ஒடுங்கினேன். தலையைத் தடவிவிட்டு உள்ளே போனார். திட்டியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அடுத்த வருஷம் அதே லாரியில் என்னைத் தீபத்துக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். கலசப்பாக்கம் தாண்டி எல்லோரும் 'அரோகரா' என்றபோது நான் வைக்கோலையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் குழாயடியில் நான் குடத்தோடு நின்றிருந்தேன். அவள் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாயம் எல்லாம் போய், நகம் இளஞ்சிவப்பாக, என் கையாகவே இருந்தது.

"உனக்குப் போயிடுச்சே கண்ணு" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"நெசமாவே ரெண்டு பேரும் சேந்துதான் கைய வுட்டீங்களா? அவளும் வுட்டாதானே?"

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்டது உண்மையை இல்லை என்று அந்த வயதிலும் எனக்குப் புரிந்தது. அதோடு பயமும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. "ஆமா, அவளும் வுட்டா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அதான், அதான்" என்று முணுமுணுத்தார். சாயம் இருந்தது, அதனால்தான் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் நடமாடினார். தெருவில் எங்கே கண்டாலும் என் கையைத்தான் முதலில் தொடுவார். என் கல்யாணத்தில் மருதாணி வைத்த கையைப் பிடித்துக்கொண்டு அப்படி அழுதார்.

போன மாதம் அவரும் போய்விட்டார். இனி யாருக்காகவும் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு நான் திரிய வேண்டியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இறங்கிவிட்டதா என்றால், இல்லை. இந்த வயதிலும் குளிர்காலத்தில் யார் பிள்ளையைத் தூக்கினாலும் முதலில் நகத்தைத்தான் பார்க்கிறேன். என் மருமகள் இதற்கு என்னைக் கேலி செய்கிறாள்.

அந்த வட்டத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திப் போடுங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறவள்தான் சாயக்காரர் மகள். அவள் ஒரு நாளும் சாயத்தில் கை விட்டதே இல்லை.